கப்பலில் முதல் மூன்று நாள்

[காட்சி: அதிகாலை, கொச்சித் துறைமுகம். சாம்பல் நிறக் கப்பல் ஒன்று துறையை விட்டு மெல்ல விலகுகிறது.]

எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் தேறிய இளம் அதிகாரிகள், கொச்சியின் முதல் பயிற்சிப் படையணிக் கப்பல்களில்தான் கடலைப் பழகுகிறார்கள். ஐ.என்.எஸ். தீர் அவற்றில் ஒன்று. நீச்சல், அணிவகுப்பு, கடல் வரைபடம் எல்லாம் கரையிலேயே படித்தாயிற்று. ஆனால் துறைமுக வாயைத் தாண்டியதும் முதல் பெரிய அலை கப்பலைத் தூக்கி இறக்கும்போது வயிறு புரளுமே, அது எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம்.

[வரைபடம்: உட்காது]

நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை அசைந்தால் உள்ளிருக்கும் திரவம் நகர்ந்து, 'ஆடுகிறோம்' என்று மூளைக்குச் சொல்கிறது. அறைக்குள் இருப்பவரின் கண்ணோ எதிர்ச் சுவரைப் பார்த்து, 'ஆடவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை திணறுகிறது. வியர்க்கிறது, குமட்டுகிறது, வாந்தி வருகிறது.

மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். அப்போது கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும். உள்ளே இருக்க நேர்ந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருங்கள். ஏற்றப்பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவு அல்லவா? வெட்கப்பட இதில் எதுவுமே இல்லை. 1805-இல் டிரஃபால்கர் போரில் வென்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், கடற்படையில் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் பலத்த காற்றடித்தால் தமக்கு உடல் கெடுவதாகக் கடிதம் எழுதியவர்.

[காட்சி: இரவு. மங்கிய சிவப்பு விளக்கில் செங்குத்தான இரும்பு ஏணி.]

வாந்தி எடுத்தாலும் காவல் முறை வந்தால் எழுந்தாக வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு காவல் என்றால் நாளுக்கு ஆறு. மூன்று குழுக்கள் மாறி மாறி நின்றால், நள்ளிரவுக் காவல் தினமும் ஒரே குழுவின் தலையில் விழும். அதனால் மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை இரண்டிரண்டு மணி நேரமாகப் பிளந்தார்கள். ஆறு ஏழாயிற்று, முறையும் தினமும் நகர்கிறது. பாய்மரக் காலத்து மாலுமிகளின் இந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

விளக்கு சிவப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். வெள்ளை வெளிச்சம் பட்டால் அது நொடியில் கலையும், சிவப்பில் அவ்வளவாகக் கலையாது.

[காட்சி: மூன்றாம் நாள் காலை. பயிற்சியாளர்கள் தட்டோடு உணவறைக்குள் வருகிறார்கள்.]

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பசி திரும்புகிறது. கப்பல் ஆடும் பக்கத்துக்கு உடல் தானாகச் சாய்ந்து கொடுக்கிறது, கையில் உள்ள தேநீர் சிந்துவதில்லை. மூளை கடலைக் கற்றுவிட்டது. பயணம் முடிந்து கரையில் கால் வைக்கும்போது பலருக்குத் தரை ஆடுவது போலிருக்கும்.