கேள்வியையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் புள்ளியியல் பேராசிரியப் பெருமக்களே, வேலை நாளிலும் வந்திருக்கும் பத்திரிகை ஆசிரியர்களே, அரங்கம் தந்த நூலகத்தாரே, அனைவருக்கும் வணக்கம். விஞ்ஞானிகளின் பேட்டியைப் பத்திரிகைகள் வெளியிடும் விதத்தில் தலைப்பு, புள்ளிவிவரம், திருத்தம் என மூன்றைப் பற்றியும் பேச வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பூமியின் வெப்பத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது.

2010 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகக் காலநிலை விஞ்ஞானி ஃபில் ஜோன்ஸிடம் பிபிசி கேட்டது: 1995 முதல் இன்றுவரை புள்ளியியல்படி உறுதியான வெப்ப உயர்வு இல்லை என்பதை ஏற்கிறீர்களா? "ஆம், ஆனால் மயிரிழையில்தான்" என்ற பொருளில் பதில் சொன்னார். அதோடு நிற்கவில்லை. 1995–2009 போக்கு பத்தாண்டுக்கு 0.12 டிகிரி ஏற்றம், 95 விழுக்காட்டு உறுதியை எட்டவில்லை, ஆனால் மிக நெருங்கிவிட்டது, காலம் குறுகினால் அந்த உறுதி கிடைப்பது அரிது என்றும் விளக்கினார். மறுநாள் 'மெயில் ஆன் சண்டே' என்ற பிரிட்டிஷ் ஞாயிறு இதழ் தலைப்பு போட்டது: 1995-க்குப் பிறகு பூமி சூடாகவில்லை என்று விஞ்ஞானியே ஒப்புக்கொண்டாராம்!

கட்டத்தாளை எடுங்கள். பூமியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைகளைப் புள்ளி வைத்து, ஊடே ஒரு நேர்க்கோடு இழுங்கள். பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் 1998 எகிறி நிற்கும், அடுத்த இரண்டு ஆண்டும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தால் கோட்டின் சாய்வுக்குக் கூடக்குறைய ஒரு வரம்பு உண்டு. வரம்பின் அடி பூஜ்யத்துக்குக் கீழே போனால் 'உறுதி' என்று சொல்ல மாட்டார்கள். அதற்கு 'ஏறவில்லை' என்று பொருளே கிடையாது. 15 ஆண்டை 30 ஆக்குங்கள், அதே ஏற்ற இறக்கம் இருந்தாலும் வரம்பு ஏறக்குறைய முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

2010-ஆம் ஆண்டைச் சேர்த்ததும் உறுதி கிடைத்துவிட்டது என்று 2011-இல் ஜோன்ஸ் அதே பிபிசியிடம் சொன்னார். சேர்ந்தது ஒரே ஒரு புள்ளி! ஒரு சோறு பதம் பார்க்கிறவர்கூடப் பானையைக் கிளறிவிட்டுத்தானே எடுக்கிறார்?

திருத்தம் பற்றி நேரம் கருதி விடுகிறேன். எங்கள் கோரிக்கை இதுதான். விஞ்ஞானியின் பேட்டியை வெளியிட்டால், கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் சொல் மாறாமல் செய்திக்குப் பக்கத்திலேயே பெட்டியில் வரட்டும். எண் வந்தால் அதன் கூடக்குறைய வரம்பும் வரட்டும். 'இல்லை', 'உறுதியாகவில்லை' இரண்டில் எதைச் சொன்னார் என்று பார்த்த பிறகு துணை ஆசிரியர் தலைப்பு வைக்கட்டும். இன்றைய தீர்மானத்தில் அந்தப் பெட்டியை முதல் வரியாகச் சேர்க்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.