ஏற்காட்டுக் கல் அண்டார்டிகாவுலயும் இருக்கு!

கல்கத்தாவுல ஒரு வெள்ளைக்காரர் கல்லறை. அண்டார்டிகாவுல ஆஸ்திரேலியாக்காரங்களோட மாசன் ஆராய்ச்சி நிலையம். நம்ம ஏற்காடு கொண்டை ஊசி வளைவு. மூணு இடத்துலயும் ஒரே வகைக் கல்லு மக்களே!

சேலத்துல நாம அதைக் கருங்கல்லுன்னு சொல்லிட்டுப் போயிருவோம். புவியியல்காரங்க வெச்ச பேரு சார்னோகைட். கிழக்கிந்தியக் கம்பெனி ஆளு ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லைப் பார்த்து, 1893-ல தாமஸ் ஹாலந்து வெச்ச பேரு. கல்கத்தாவை நிறுவினதே சார்னாக்தான்னு இனி சொல்லக் கூடாதுன்னு 2003-ல அங்க ஹைகோர்ட் சொல்லிருச்சு. ஊரு கைவிட்டுப் போச்சு, கல்லு மட்டும் மிச்சம்!

(காட்சி: உடைஞ்ச கல், நெருக்கத்தில்)

இப்ப மெயின் மேட்டர். வெயில் மழை பட்ட மேல்தோலைப் பார்த்தா ஏமாந்துருவீங்க, வெறும் பழுப்புதான் தெரியும். புதுசா உடைஞ்ச பக்கத்தைத் திருப்புங்க. பச்சை கலந்த சாம்பல் நிறம், நல்லெண்ணெய் தடவி விட்ட மாதிரி ஒரு மினுக்கு. பத்து மடங்கு பெரிசாக் காட்டுற லென்ஸ்ல பார்த்தா மணி மணியாப் பிரியும். மணியே தெரியாம ஒரே கறுப்பா இருந்தா, அது டாலரைட்டுங்கிற வேற ஒரு கறுப்புக் கல்லா இருக்கலாம். நிறைய பேரு சறுக்குறது இங்கதான்.

கிரானைட்டுல மின்னுற காக்காப்பொன் இதுல ஏன் அவ்வளவா இல்ல? காக்காப்பொன் உருவாகணும்னா தண்ணி வேணும். இந்தக் கல்லு பூமிக்குள்ள இருபது கிலோமீட்டருக்கும் கீழ, எழுநூறு எண்ணூறு டிகிரி சூட்டுல, தண்ணி சுண்டின குழம்பு மாதிரி வெந்தது. அதனால காக்காப்பொன்னுக்குப் பதிலா பைராக்சீன்னு ஒரு கனிமம். என்னைக் கேட்டா ஏரி போட்டிங்கை விட இதுதான் ஏற்காட்டோட பெரிய அதிசயம்.

ஒரு வாக்குமூலம்: தலைப்பைப் பார்த்து ரெண்டும் ஒரே பாறைன்னு நினைச்சுராதீங்க. வகைதான் ஒண்ணு, வயசு வேற. நம்மளோடது சுமார் 250 கோடி வருஷம், மாசன் பாறை சுமார் 100 கோடி. அண்டார்டிகா நமக்குப் பேரன் முறை!

மலை உச்சியில செம்மண்ணும், பாக்சைட்டுங்கிற அலுமினியத் தாதுவும் இருக்கே? இதே கல்லுதான். மழைத்தண்ணி காலங்காலமா சிலிக்காவைக் கரைச்சுக் கொண்டுபோக, அலுமினியச் சத்து தங்கிருச்சு.

அடிவாரத்து வெள்ளைக்கல் வேற சமாச்சாரம், அது மேக்னசைட். சுண்ணாம்புக்கல்லுன்னு நினைச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சா நுரைக்காது, பழம்தான் வீண்.

கல்லு பார்க்கணும்னு வளைவுல வண்டியை நிறுத்தாதீங்க, மேல இருந்து இறங்குற பஸ்ஸுக்குத் திரும்ப இடம் வேணும். அகலமான இடத்துல ஓரங்கட்டுங்க, கீழ கிடக்குற துண்டைத் திருப்பிப் பாருங்க. போட்டோவைக் கமெண்ட்ல போடுங்க, டாலரைட்டா சார்னோகைட்டான்னு பார்த்துருவோம்.