வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

(கிளை நூலகத்தில் நூலக வார விழாவில் நவம்பர் 19 அன்று பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, கிளை நூலகர் அம்மா அவர்களே, வந்ததிலிருந்து கைப்பேசியை ஒருமுறைகூட எடுக்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டப் புரவலர் அரிசி மண்டி அண்ணாச்சி அவர்களே! இந்தப் பந்தல் அண்ணாச்சி போட்டது. நாம் குடித்த டீயும் அவர் வாங்கித் தந்தது. அடுத்த மழைக்குள் நூலகக் கூரை ஒழுகலையும் அவரே பார்த்துவிடுவார் என்று இந்த மேடையிலேயே சொல்லி வைக்கிறேன். கை தட்டுங்கள், அப்புறம் அவரால் பின்வாங்க முடியாது. மைக் செட் தம்பி, உனக்கும் வணக்கம். அந்த விசில் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கவனி.

'இளைஞரும் தாய்மொழியும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்வதாக இருக்கிறேன். ஒன்று, ஓர் இளைஞர். இரண்டு, அவருடைய மக்கள். மூன்று, வானொலியும் செல்போனும் ஒரு மொழியை என்ன செய்யும் என்பது. இருபது நிமிடம் போதும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அப்பத்தா சொல்லும். கூச்சப்படாமல் கேட்டு வாங்குகிறவன் பட்டினி கிடக்க மாட்டான் என்பது அதன் நேர்ப்பொருள். எனக்கு அது மொழியைப் பற்றிய பழமொழியாகத்தான் படுகிறது.

இன்றைக்கு நவம்பர் 19. பெலீஸ் என்ற நாட்டில் இன்று பொது விடுமுறை. மத்திய அமெரிக்காவில், கரீபியன் கடலைப் பார்த்தபடி இருக்கிற குட்டி நாடு. ஜனத்தொகை ஏறக்குறைய 4 லட்சம். அங்கே கரிஃபுனா என்றொரு சமூகம். 1832-இல் அவர்களுடைய முன்னோர் படகில் வந்து இறங்கிய நாளை இன்று கொண்டாடுகிறார்கள். விடியற்காலையில் கடலுக்குள் போய், மரவள்ளிக் குச்சியும் வாழைக்கன்றும் ஏற்றிய படகுகளோடு, மேளம் அடித்துக்கொண்டு, இப்போதுதான் முதன்முறையாகக் கரை சேர்வதுபோல் மறுபடி வந்து இறங்குவார்கள். தாமஸ் வின்சென்ட் ராமோஸ் என்ற ஆசிரியர் 1941-இல் தொடங்கி வைத்த பழக்கம் இது. ஆசிரியர் என்றதும் தலைமை ஆசிரியர் ஐயா நிமிர்ந்து உட்காருகிறார், பாருங்கள்.

இவர்கள் யார்? செயின்ட் வின்சென்ட் என்ற தீவின் பூர்வகுடிகளும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களும் கலந்து உருவான மக்கள். ஆங்கிலேயரை எதிர்த்து நின்றார்கள். தலைவர் ஜோசப் சட்டோயர் 1795-இல் கொல்லப்பட்டார். தோற்றவர்களைப் பிடித்து பலிசோ என்ற வறண்ட தீவில் அடைத்தார்கள். சில மாதங்களில் பாதிக்குப் பாதி செத்துப் போனார்கள். மிஞ்சிய சுமார் 2,000 பேரைக் கப்பலேற்றி, 1797-இல் ஹோண்டுராஸ் பக்கம் ரோவடான் தீவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நிலம் போச்சு, வீடு போச்சு. வாய் மட்டும் கூடவே வந்தது.

அவர்களுடைய கரிஃபுனா மொழியில் 'நான்' என்பதற்கு இரண்டு சொல். ஆண் சொன்னால் 'ஆவ்', பெண் சொன்னால் 'நுகுயா'. ஒன்று, இரண்டு, மூன்று வரை சொந்தச் சொல், நான்கிலிருந்து பிரெஞ்சுக் கடன். ஒரு மொழியின் சரித்திரத்தை அதன் வாய்ப்பாட்டிலேயே படித்துவிடலாம். சாப்பாடு என்ன தெரியுமா? கசப்பு மரவள்ளியைத் துருவி, பாம்பு மாதிரி நீளமாகப் பின்னிய பையில் திணித்து, உத்திரத்தில் தொங்கவிட்டு, அடியில் ஒரு கழியைச் செருகி அதன்மேல் ஆள் உட்கார்ந்து இழுப்பார்கள். விஷச்சாறெல்லாம் வடிந்துவிடும். அந்த மாவை வட்டமாகத் தட்டிச் சுட்டால் எரெபா. இடித்த வாழைக்காயோடு தேங்காய்ப்பால் மீன்குழம்பும் உண்டு. எனக்கே பசிக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த இளைஞர் பெயர் ஆண்டி பலாசியோ. பெலீஸின் தென்கோடியில் பராங்கோ என்ற கடலோரக் கிராமத்தில் 1960-இல் பிறந்தவர். 1980-இல், மத்திய அமெரிக்காவிலேயே இன்னொரு நாடான நிகரகுவாவில் எழுத்தறிவு இயக்கம் நடக்கிறது. நம்மூர் அறிவொளி மாதிரி. இருபதைத் தொட்டோ தொடாமலோ இருந்த இந்தப் பையன் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொண்டனாகப் போகிறான். போன கரையோரத்திலும் கரிஃபுனா மக்கள் இருக்கிறார்கள். நம்ம ஆட்களாயிற்றே என்று ஆசையாகப் பேச்சுக் கொடுத்தால், இளவட்டத்தில் ஒருவருக்கும் மொழி வரவில்லை. முகம் அதே முகம். வாயைத் திறந்தால் வேற்றுமொழி.

அங்கே ஒரு பெரியவர். அவரிடம் இந்தப் பையன் தன் மொழியில் பேசுகிறான். கிழவருக்கு நம்ப முடியவில்லை. மீசை முளைத்தும் முளைக்காத பயல், இந்த மொழி பேசுகிறானா! நீங்களே அந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பேசப் பேச ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கூட்டாளி செத்தான், மச்சான் செத்தான், பொண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாள். பேரப்பிள்ளைக்கு வேறு மொழி. சண்டை போடக்கூட நம் மொழியில் ஆளில்லை. சண்டை முக்கியம், அம்மா! தாய்மொழியில் திட்டினால்தான் நெஞ்சு ஆறும். அப்படி இருக்கிறவரின் திண்ணைக்கு எங்கிருந்தோ ஒரு பையன் வந்து அவர் மொழியிலேயே நலம் விசாரிக்கிறான். பிற்காலத்தில் ஆண்டி பலாசியோ பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊருக்கும் இன்னும் கொஞ்ச காலத்தில் இந்தக் கதிதான் என்பது அவருக்கு உறைத்த இடம் அதுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அங்கே பிள்ளைகள் இருந்தார்கள், வாய் இல்லை.

ஊர் திரும்பியவர் பாட்டைக் கையில் எடுத்தார். சிறுவனாக இருந்தபோது பராங்கோவில் அவர் காதில் விழுந்ததெல்லாம் அக்கம்பக்கத்து நாட்டு வானொலிகள். பிள்ளைகளின் காதுக்கு எது வழி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் ஆடவைக்கிற பாட்டு. பிறகு, வயது ஏற ஏற, பழைய நடை, பழைய மேளம். 2007-இல் வந்த அவருடைய பாட்டுத் தொகுப்பில் எண்பதை நெருங்கிய கரிஃபுனாப் பாடகர் பால் நேபரும் பாடினார், இளைஞர்களும் பாடினார்கள். அதே ஆண்டு யுனெஸ்கோ அவரை அமைதிக்கான கலைஞராக அறிவித்தது. அதற்கு முன்பே, 2001-இல், கரிஃபுனாவின் மொழி, ஆட்டம், இசை மூன்றையும் மனிதகுலத்தின் அரும்பாரம்பரியமாக யுனெஸ்கோ அறிவித்திருந்தது. பெலீஸ் அரசாங்கம் ஆண்டி பலாசியோவைப் பண்பாட்டுத் தூதராக்கி, பண்பாட்டு நிறுவனத்தில் பதவியும் கொடுத்தது. பெலீஸின் டாங்ரிகா ஊரில் கரிஃபுனாவும் சேர்த்துக் கற்பிக்கும் தொடக்கப்பள்ளி 2007-இல் திறந்தது. 2008 ஜனவரி 19-இல் ஆண்டி பலாசியோ இறந்துபோனார். வயது 47.

நமக்கும் கரீபியனுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854-இல் குவாதலூப் தீவுக்கும் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அங்கே இன்றும் மாரியம்மனுக்குக் கிடா வெட்டுகிறார்கள். மதுரை வீரன் இருக்கிறார், பெயர்தான் அந்த ஊர் நாக்கில் உருண்டுவிட்டது. நம் நாடகத்துக்கு அங்கே 'நாத்ரோன்' என்று பெயர். பாட்டு நிற்கிறது, பொருள் போய்விட்டது. பாடுகிறவருக்கே தான் பாடுவது என்னவென்று தெரியாது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கூட்டம் போடலாம், அண்ணாச்சி டீக்குச் சம்மதித்தால்.

சரி, மூன்றாவது செய்தி. நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். செல்போனைப் பற்றி நீங்களே என்னைவிட நன்றாக அறிவீர்கள். அதை விட்டுவிட்டு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

என் அப்பத்தா பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் ஒரு கேசட்டில் இருந்தன. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப்ரிக்கார்டரில் பதிந்தது. நடுவில் கிழவி வெற்றிலையை மென்று துப்புகிற சத்தம்கூடக் கேட்கும். ஒரு கிரிக்கெட் மேட்ச் அன்று, கையில் வேறு கேசட் இல்லாமல், அதன்மேலேயே வர்ணனையைப் பதிந்துவிட்டேன். எனக்குப் பதினாறு வயது. நாம் அந்த மேட்சில் தோற்றும் போனோம். கேசட் கடைசியில் வர்ணனை முடிந்ததும் ஏழெட்டு வினாடி அப்பத்தா குரல் மிஞ்சியிருந்தது. 'ஆராரோ' என்ற சொல்லின் பாதி. அவ்வளவுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்ன வாயை நானே அழித்தேன்.

அதனால்தான் இரண்டு வருஷமாக எல்லாரையும் நச்சரிக்கிறேன். இந்த நூலகத்தின் பின்னறையில் பழைய நாளிதழ்க் கட்டுகள் கிடக்கின்றன. அதைக் காலிசெய்து, சன்னலுக்குத் துணி கட்டி, ஒரு மைக் வைத்தால் போதும். ஊரில் எழுபது தாண்டியவர்களை வாரம் ஒருவராக உட்காரவைத்துப் பதியலாம். நடவுப் பாட்டு, கிணறு வெட்டிய கதை, திட்டுகிற வார்த்தைகள் உட்பட. பேரூராட்சித் தலைவர் சரி என்றால் நாளைக்கே வேலை தொடங்கும். தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்கு முதல் பதிவு. மேலத்தெருப் பூக்காரப் பாட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறது. மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும், அதனால் விசிறி போட மாட்டோம். கூட வருகிறவர்கள் பனையோலை விசிறி கொண்டுவாருங்கள். பாட்டிக்கு முதுகுவலி, கை வைத்த நாற்காலி ஒன்று யார் வீட்டிலாவது இருந்தால் இப்போதே கையைத் தூக்குங்கள்.