அடுத்தவருக்கும் ஒரு குடம்

நேயர்களுக்கு வணக்கம். கத்திரி வெயில் தொடங்குவது மே 4 வாக்கில். தெருவில் தண்ணீர்ப் பானை வைக்க நினைப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பங்குனி பிறந்ததுமே வைத்துவிடலாம்.

20 லிட்டர் பிடிக்கும் மண்பானை ஒன்று போதும். புதுப் பானையை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறப்போட்டு, அடுத்த இரண்டு மூன்று நாள் ஊற்றி வைக்கும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள், மண்வாடை போய்விடும். காற்றோட்டமான நிழலில் ஈர மணல் பரப்பி அதன்மேல் இருத்துங்கள். பலர் அழகுக்காகப் பானைக்குப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. துளையை அடைத்தால் அது வெறும் பாத்திரம். கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் வேலூர், மதுரை அளவுக்குக் குளிராது. அதற்காகக் கடையில் விற்கும் ஐஸ்கட்டியை உள்ளே போடாதீர்கள், அது மீனுக்காகச் செய்ததாக இருக்கலாம்.

மூடி அவசியம். மொள்ளுவதற்கு நீளக் காம்புள்ள அகப்பை வேண்டும். டம்ளரை முக்கினால் விரலும் சேர்ந்து முங்கும். தினமும் காலையில் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். டெங்கு கொசு பானைச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அப்படியே இருக்கும்.

200 மில்லி டம்ளரால் கணக்குப் போட்டால் ஒரு பானை நூறு பேருக்கு வரும். ஆள் நடமாட்டமுள்ள தெருவில் பதினொரு மணிக்குள் காலியாகிவிடும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. காலியானதும் நீங்களே ஓடிவந்து நிரப்பாதீர்கள். எதிர்க்கடைக்காரரிடம், "அண்ணே, பதினொரு மணிக்கு ஒரு குடம் ஊத்திடுறீங்களா?" என்று கேளுங்கள். பணம் கேட்டால் யோசிப்பார், ஒரு குடம் தண்ணீருக்கு யோசிக்க மாட்டார். மூன்று மணிக் குடத்துக்குப் பூக்கார அம்மாவையோ ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களையோ கேட்கலாம். ஊற்றுகிறவருக்கு அது தன் பானையாகிவிடும்; அவர் உறவினர் தெருவிலும் ஒன்று முளைக்க அதிக நாள் ஆகாது.

எல்லாவற்றையும் ஒருவரே செய்தால் மற்றவர்கள் குடித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். ஆளுயரப் படத்தோடு பேனர் கட்டிய பந்தல்களைப் பாருங்கள்: முதல் நாள் தர்பூசணி, மோர், போட்டோ. இரண்டாம் வாரம் வெறும் பானை. பேனரில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று யாரும் கை வைப்பதில்லை. திங்களூர் அப்பூதியடிகள் தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. பந்தலில் தம் பெயரை அவர் போட்டுக்கொள்ளவில்லை.

மோர் கொடுக்க ஆசைப்பட்டால் ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர், மூன்று நான்கு தேக்கரண்டி உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை. மிளகாயை விடுங்கள், குழந்தைகளும் குடிப்பார்கள். மொத்தமாகக் கரைத்து வைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். கெட்டித் தயிராகவே வைத்திருந்து அவ்வப்போது கரையுங்கள்.

வெயில் தணிந்ததும் பானையைக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள். அதை உங்கள் வீட்டில் வைக்க வேண்டாம். பதினொரு மணிக் குடம் ஊற்றியவர் கடையில் இருக்கட்டும், அடுத்த பங்குனியில் அவரே எடுத்து வைப்பார்.