கேரல் கடைசியாக வந்த வீடு

நடுவர் ஐயா அவர்களே, நம் சபைப் போதகரான சேகரகுரு ஐயா அவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கிற அண்ணன், தங்கை, என் அணியினர், பாய் விரித்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட பாட்டிமார்கள், எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

எதிரணி அண்ணன் உட்காரும்போது என்னைக் குத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். "பதினோரு வருஷம் வாலிபர் சங்கச் செயலாளர். கோவில் விருந்தில் போட்ட அத்தனை அசனச் சோற்றையும் தின்றுவிட்டு இன்றைக்கு ஆலயத்துக்கு எதிராகப் பேச வந்திருக்கிறார்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தானே சொன்னார்! ஆனால் அசனத்தில் நான் தின்றதைவிடப் பரிமாறியது அதிகம் என்பதை அண்ணன் ஒத்துக்கொள்வார். அவர் இலைக்கு மூன்று தடவை குழம்பு ஊற்றியவன் நான்.

தலைப்பு என்ன? "இளைஞர்களை ஆளாக்குவதில் பெரும்பங்கு ஆலயத்துக்கா, வீட்டுக்கா?" வீட்டுக்குத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். இந்தப் பக்கம் என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்ததே அந்தப் பதினோரு வருஷம்தான்.

போன டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். நம் ஊர் கேரல் ரவுண்ட்ஸ் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். டாட்டா ஏஸில் ஜெனரேட்டர், சீரியல் பல்பு, கீபோர்டு, டிரம்ஸ், வேர்த்து ஒழுகும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. ராத்திரி எட்டு மணிக்குக் கோவில் வாசலில் ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்புவோம். வீட்டுக்கு வீடு ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், ஒரு காணிக்கைக் கவர். அப்புறம் கேசரி, முறுக்கு, டீ. செயலாளர் வீடு எப்போதும் கடைசி. அங்கேதான் எல்லோருக்கும் இட்லி. இது யார் போட்ட சட்டமோ தெரியவில்லை, என் மனைவியிடம் யாரும் கேட்டுப் போட்டதில்லை.

நாங்கள் என் வீட்டு வாசலுக்கு வரும்போது மணி மூன்று பத்து. உள்ளே என் மகள் புது கவுனைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் மிட்டாய். முப்பத்தெட்டு. கேரலுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நான்தான் காலையில் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன், அதைக் கேட்டு எண்ணி வைத்திருக்கிறாள். ஒரு மணி வரைக்கும் கண் விழித்திருந்தாளாம். நான் பையன்களிடம் "சத்தமாப் பாடுங்கப்பா, எந்திருச்சிருவா" என்றேன். தெரு முழுக்க எழுந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா ஒரு கேக் துண்டை டீப்பாயில் வைத்தார். இட்லி காலியானது. கீபோர்டைக் கோவிலில் இறக்கி வைக்க நானும் வண்டியோடு போய்விட்டேன்.

காலையில் கேட்டாள், "அப்பா, நம்ம வீட்டுக்குக் கேரல் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"நீங்களும் வந்தீங்களா?"

நடுவர் ஐயா, இருநூறு ஜெபக்கூட்டத்தில் எனக்குக் குத்தாத இடத்தில் அந்தக் கேள்வி குத்தியது. அடுத்த மாதமே இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் ஏதோ படிவம் கொடுத்தார்கள். மகள் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதி, வகுப்பு என்ற இடத்தில் 'ஆறு' என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக, "ஏழுப்பா" என்றாள். சங்கத்துப் பையன்கள் அத்தனை பேருக்கும் எந்தப் பேப்பரில் எத்தனை அரியர் என்று நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சரி, என் கதை போதும். எதிரணியின் வாதத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தங்கை வேதாகமத்துச் சாமுவேலைக் கொண்டுவந்தார். "பால் மறந்ததும் ஆலயத்தில் விடப்பட்ட பிள்ளை, ஆலயத்திலேயே வளர்ந்து தீர்க்கதரிசி ஆனான். வீடா வளர்த்தது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் தங்கை பாதிக் கதையில் புத்தகத்தை மூடிவிட்டார். அதே ஆலயத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஓப்னி, பினெகாஸ். ஆசாரியன் ஏலியின் சொந்தப் பிள்ளைகள். அதே விளக்கு, அதே பலிபீடம். அவர்கள் என்ன ஆனார்கள்? காணிக்கை இறைச்சியை முட்கரண்டி போட்டு இழுத்துத் தின்றார்கள். அதைவிட மோசமானதெல்லாம் செய்தார்கள், பாட்டிமார்கள் இருக்கிறார்கள், சொல்லவில்லை. ஆலயம்தான் ஆளாக்கும் என்றால் மூன்று பேரையும் ஆக்கியிருக்க வேண்டாமா?

சாமுவேலுக்கு என்ன கூடுதலாக இருந்தது? ஏலியின் பிள்ளைகள் கதை வருகிற அதே அதிகாரத்திலேயே ஒரு வசனம் இருக்கிறது, பிரசங்கத்தில் யாரும் அதிகம் தொடுவதில்லை. அவன் தாய் அன்னாள் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள் என்று எழுதியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பிள்ளை கண் முன்னால் இல்லை. வளர்கிற பிள்ளைக்கு அளவு தெரியாமல் சட்டை தைக்க முடியுமா? போன வருஷம் தோள் எவ்வளவு, இந்த வருஷம் கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று வருஷம் முழுக்க மனசுக்குள் அளந்துகொண்டே இருந்திருக்கிறாள் அன்னாள். நான் பெற்ற பிள்ளை படிக்கிற வகுப்பைத் தப்பாக எழுதியவன். எனக்குத் தெரியும் அந்தச் சட்டையின் அருமை.

இன்னும் ஐந்தாறு அதிகாரம் தள்ளிப் போங்கள். சாமுவேல் பெரியவனாகி வருஷந்தோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றிச் சுற்றி நியாயம் விசாரிக்கிறார். ஊர் ஊராக ஊழியம். அவருக்கும் இரண்டு பிள்ளைகள், யோவேல், அபியா. அவர்கள் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். ஜனங்கள் வந்து "உம்முடைய குமாரர் உம்முடைய வழிகளில் நடக்கிறதில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். சாமுவேல் ஊழியத்தில் குறை வைத்தவர் இல்லை. சுற்றுப்பயணம் போகிற எங்களைப் போன்ற செயலாளர்கள் இந்த எட்டாம் அதிகாரத்தை வேகமாகப் புரட்டிவிடுவோம். பிள்ளையை ஆலயத்தில் கொண்டுவிடுகிற ஒன்றாம் அதிகாரத்தில்தான் எங்களுக்கு ருசி.

அடுத்து அண்ணன் வரலாறு பேசினார். ஞாயிற்றுக்கிழமை நடக்கிற ஓய்வுநாள் பள்ளி, ஒய்.எம்.சி.ஏ. என்கிற வாலிபர் கிறிஸ்தவ சங்கம், கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் எல்லாம் ஆலயம் இளைஞர்களுக்குக் கொடுத்த கொடை என்றார். மறுக்கவில்லை. ஆனால் அவை எங்கே, ஏன் தொடங்கின என்று பார்ப்போமா? 1780-இல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்கிற பத்திரிகைக்காரர் ஓய்வுநாள் பள்ளியை ஆரம்பித்தார். பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமை தெருவில் கிடந்தார்கள். ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே நேரமில்லை. அந்தப் பள்ளி முதலில் நடந்த இடம் கோவில் இல்லை, மெரிடித் என்கிற ஒரு அம்மாவுடைய வீடு.

1844-இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. கிராமத்திலிருந்து வந்தவர், வயது இருபத்திரண்டு. நாள் முழுக்கக் கடை, கடைக்கு மேலேயே படுக்கை. அம்மா அப்பா இல்லாத ஊரில் அவரைப் போலவே தங்கியிருந்த பையன்கள் கெட்டுப்போவதைப் பார்த்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்தார்கள். நம் ரங்கநாதன் தெருக் கடைகளுக்கு மேலே தங்கியிருக்கிற நம் ஊர்ப் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள், கதை அப்படியே பொருந்தும். அப்புறம் 1881 பிப்ரவரி 2-ஆம் தேதி, அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரத்தில் பிரான்சிஸ் கிளார்க் என்கிற போதகர் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தை ஆரம்பித்தார். எங்கே? தன் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து.

அண்ணன் கொண்டுவந்த மூன்று சாட்சிகளில் இரண்டு பேர் வீடு கிடைக்காத பிள்ளைகளுக்காக அழுதவர்கள், மூன்றாமவர் வீட்டுக் கதவையே திறந்துவிட்டவர். இவர்களை நான் என் அணியில் சேர்த்துக்கொள்கிறேன், நடுவர் ஐயா அனுமதித்தால்.

இங்கே ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்க வேண்டும். "வீடு வீடு என்கிறீர்களே, குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பன் இருக்கிற வீடும் வீடுதானா? அந்தப் பிள்ளை தன் கஷ்டத்தை ஓய்வுநாள் பள்ளி அக்காவிடம்தானே சொல்கிறது?" என்று தங்கை கேட்டார். கேட்டபோது இந்தப் பந்தலே அமைதியானது. உண்மைதான். அப்படிப்பட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்தாலும் வீட்டுக்குப் போகாமல், "அண்ணே, நான் பாய் சுருட்டுறேன், நான் மைக் செட் பூட்டுறேன்" என்று பத்து மணி வரைக்கும் ஏதாவது வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பையன் இருந்தான். எனக்கு அவன் சுறுசுறுப்பான வாலிபனாகத் தெரிந்தான். கோவில் சாவியை அவன் கையில் கொடுத்து, பொறுப்பு கொடுத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். அவனுக்குச் சாவி தேவைப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்தது எங்கள் சங்கம் இல்லை. கோவிலுக்குப் பின்தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிற ஒரு அக்கா. ஒருநாள் "சாப்பிட்டியாலே?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டவன், பிறகு அங்கேயே உட்கார்ந்து படித்தான். அக்காவின் பிள்ளைகளோடு சேர்த்து அவனுக்கும் திட்டு விழும். "ஒன்பது மணியாச்சு, போனைக் கீழ வைலே." இப்போது ஐ.டி.ஐ. முடித்து வேலையில் இருக்கிறான். முதல் சம்பளத்தில் யாருக்குப் புடவை எடுத்தான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒரு பேனா கொடுத்தான். பேனா நன்றாகத்தான் எழுதுகிறது.

ஆலயத்தில் அவன் கிடைத்தான், உண்மை. அவனை ஆளாக்கியது ஒரு அடுப்படி. அது அவன் பிறந்த வீடு இல்லை என்பதால் வீடு இல்லை என்று ஆகிவிடுமா?

அதே மாதிரி, அப்பா வளைகுடாவில் இருக்கிற வீடுகளை அண்ணன் சொன்னார். அப்பாவே இல்லாத வீடு என்ன வளர்க்கும் என்றார். எங்கள் தெருவில் ஒருவர் துபாயில் இருக்கிறார். இங்கே ராத்திரி ஒன்பது மணி, அங்கே ஏழரை. வேலை முடிந்து குளித்துவிட்டு வீடியோ காலில் வந்துவிடுவார். போனை டம்ளரில் சாய்த்து வைத்துக் குடும்ப ஜெபம். பாட்டு அங்கே ஒரு தாளத்தில், இங்கே ஒரு தாளத்தில் போகும், ஆமென் மட்டும் ஒரு நொடி கழித்து வந்து சேரும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வீட்டுப் பையன் எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் என்று அவருக்குத் தெரியும். எட்டுத் தெரு தள்ளி மைக் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாமல் போயிற்று.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று. ஜான் வெஸ்லியைச் சொல்லாமல் போனால் அவர் வழி வந்த மெதடிஸ்ட் சபையிலிருந்து வந்திருக்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர் அப்பா இங்கிலாந்தில் எப்வொர்த் ஊரில் குருவானவர், பிள்ளைகள் கோவில் பங்களாவிலேயே வளர்ந்தவர்கள். அம்மா சூசன்னா அத்தனை பிள்ளைகளுக்கும் நடுவில், ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேச வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. பிறகு ஆக்ஸ்போர்டில் இருந்துகொண்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது, அந்த வியாழன் மாலையில் ஒரு சிறு பகுதியை எனக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறார். அப்பா எத்தனையோ ஞாயிறு பிரசங்கம் பண்ணியிருப்பார். மகன் கேட்டது வியாழக்கிழமையை.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள் ஐயா, ஆனால் கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள். நாளைக்கு என் மகளுக்கு அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. பின்னம் இரண்டு கணக்கு பாக்கி இருக்கிறது, ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.