அழுத பிள்ளைக்கு மட்டுமா பால்?

கொழும்பில் இயங்கும் ஒரு தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் வருடாந்த ஊழியர் பாராட்டு விழா அண்மையில் வெள்ளவத்தையில் நடந்தது. அங்கே நான் பேசியதன் எழுத்து வடிவம் இது. நேரம் முடிகிறது என்று அறிவிப்பாளர் துண்டுச் சீட்டு அனுப்பியதால் விட்டுப்போன சில வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து சிறப்பிக்கும் பணிப்பாளர் ஐயா அவர்களே, குத்துவிளக்கேற்றி ஆசி வழங்கிய வணக்கத்துக்குரிய தேரர் அவர்களே, சிவாச்சாரியார் ஐயா அவர்களே, மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, மேட்ரன் அம்மையார் அவர்களே, மருத்துவ நிபுணர்களே, தாதிய உத்தியோகத்தர்களே, ஆய்வுகூடத்தாரே, மருந்தகத்தாரே, சாரதிமாரே, சமையலறையில் இருந்து இன்னும் வராதவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்தால் சாப்பாடு ஆறிவிடும். ஆனாலும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தலைவர் என் பழைய அயலவர். கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் இருந்தோம். மழை வந்தால் அவர் வீட்டுக்குள்தான் முதலில் வெள்ளம் வரும். அப்புறம்தான் எங்கள் வீட்டுக்கு. அந்த ஒழுங்கையில் இருந்து வந்தவர் இன்று இந்த மேடைக்குத் தலைமை தாங்குவது எனக்குப் பெருமை. மற்றவர் பணிப்பாளர் ஐயா. சிங்களத்தில் பேசிக்கொண்டே வந்தவர், கடைசியில் 'எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வணக்கம்' என்று தமிழில் முடித்தார். மண்டபம் அதிரக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஐயா, அந்தக் கைதட்டலை நான் சும்மா விடப் போவதில்லை. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

இன்று மூன்று விஷயங்கள் பேசுவதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டு வந்தேன். ஒன்று, இந்த வருடத்து ஊழியர் செய்திகள். இரண்டு, பாராட்டு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது. மூன்று, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கப்பலேறியும் விமானமேறியும் போய்க்கொண்டிருக்கும் நம் தாதியரை எப்படி இங்கே வைத்திருப்பது என்பது.

முதலாவதைச் சுருக்கமாக முடிக்கிறேன், விவரமெல்லாம் உங்கள் கையில் இருக்கும் விழா மலரில் இருக்கிறது. மருந்தகத்தில் நம் எல்லோர் கையெழுத்தையும், டொக்டர்மாரின் கையெழுத்தையும்கூட, வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதர் ஓய்வு பெறுகிறார். இரத்தம் எடுக்கும் அறைத் தம்பி வேலை செய்துகொண்டே படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதி ஒருவர் மேற்பார்வைத் தாதியாக உயர்ந்திருக்கிறார். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, பாராட்டுக்கு வருவோம். நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரு பழமொழியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. வீட்டில் அதற்கு ஏச்சும் வாங்கியிருக்கிறேன். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்.' ஆஸ்பத்திரி லிகிதராகக் காலம் கழித்தவன் நான். பதவி உயர்வு, இடமாற்றம், விடுமுறை, கொடுப்பனவு என்று என் மேசையைக் கடந்த கோப்புகளில் இந்தப் பழமொழி பொய்த்ததே இல்லை. கேட்டவருக்குக் கிடைத்தது. திரும்பத் திரும்பக் கேட்டவருக்குச் சீக்கிரம் கிடைத்தது. கேட்கத் தெரியாதவர் கோப்பு அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது.

அழாமலே பால் கிடைத்தவர்களும் உண்டு. ஆனால் எப்போது கிடைத்தது என்று பாருங்கள். கொழும்புக்காரர் மறக்கக்கூடாத ஒரு பெண் மருத்துவர் மேரி ரத்னம். கனடாவில் பிறந்து, ஒரு தமிழரை மணந்து, 1896இல் இலங்கைக்கு வந்தவர். லேடி ஹவ்லொக் பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். கிராமத்துப் பெண்களுக்காக மகளிர் சமித்தி அமைத்தார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண் அவர்தான். உலகம் அவரைத் தேடி வந்து, ஆசியாவின் நோபல் என்று சொல்லப்படும் மக்சேசே விருது கொடுத்தது 1958இல். அப்போது அவருக்கு வயது 85! அதற்குள் அவர் பார்த்த பிரசவங்களில் பிறந்த பிள்ளைகளே பேரன் பேத்தி கண்டிருப்பார்கள். நம் ஊழியர்களையும் 85 வயது வரை காக்க வைக்க வேண்டாம் என்றுதான் இந்த விழாவை வருடா வருடம் வைக்கிறீர்கள். நல்லது.

ஆனால் மலரின் பின்பக்கத்தில் விருதுக்கான தகுதிகளை வாசித்துப் பார்த்தேன். வரவு ஒழுங்கு, சேவைக்காலம், முறைப்பாடு இல்லாமை, மேலதிகாரியின் சிபாரிசு. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இல்லாத ஒன்றைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம், அறிவிப்பாளர் தம்பி, துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிகளில் ஒன்று. பேர் வேண்டாம். மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து ஒரு பாட்டியைக் கொழும்புக்கு மாற்றி அனுப்பியிருந்தார்கள். உயர் இரத்த அழுத்தம், கூடவே தலைச்சுற்று. மகன் ஹற்றனில் பஸ் ஏறிப் பின்னால் வந்து சேர்ந்தான். ஆனால் பெண்கள் வாட்டு. பார்வையாளர் நேரம் முடிந்ததும் அவன் வெளியே. பாட்டிக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. வாட்டில் இருந்த தாதி நல்ல பிள்ளை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வேளையும் வந்து, கையைப் பிடித்து, 'பேத் கன்ன அம்மே', மருந்து எடுங்கள் அம்மா என்று சிங்களத்தில் அன்பாகச் சொல்லி, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார். பாட்டியும் எதற்கும் 'சரிங்க மிஸ்', 'சரிங்க மிஸ்'. அவ்வளவு பணிவு. டிக்கட்டில், அதாவது நோயாளியின் குறிப்பேட்டில், ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறார்கள், நோயாளிக்கு முறைப்பாடு எதுவும் இல்லை என்று.

ஆனால் பிறஷர் இறங்கவில்லை. பெரிய டொக்டர் ரவுண்ட் வந்தார், மாத்திரையைக் கூட்டினார். இறங்கவில்லை. இன்னொரு மாத்திரை சேர்த்தார். அதற்கும் இறங்கவில்லை. சிறுநீரகத்தில் ஏதாவதோ என்று ஸ்கேன் எழுதினார்கள். எழுதிவிட்டு, ஸ்கேனுக்கு முன்னால் சில கேள்விகள் கேட்க வேண்டுமே, தமிழ் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்கள்.

இரண்டு மாடி மேலே இன்னொரு வாட்டில் கொட்டாஞ்சேனைப் பெண் ஒருவர் சிற்றூழியராக இருந்தார். அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் கையில் அப்போது கழுவ எடுத்த படுக்கைச் சட்டி. அதை வைத்துவிட்டு, கை கழுவி, படியிறங்கி வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, 'என்ன பாட்டி, எந்தத் தோட்டம்?' என்று கேட்டார். நோயைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தோட்டம் எது, லயத்தில் யார் இருக்கிறார்கள், சஷ்டிக்குக் கோயிலுக்குப் போக முடியாமல் போயிற்றே என்று பேச்சு போகிறது. சஷ்டி என்றதும் பாட்டி சுற்றும் முற்றும் பார்த்தார். மெதுவாக முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று அத்தனை மாத்திரையும் அங்கே! கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டம் வைத்ததுபோல அழகாக மெத்தையில் பரப்பி வைக்கிறார். 'வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா சொல்லியிருக்காருங்க. நான் விரதம்ங்க. சஷ்டி முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒண்ணா போட்டுக்கலாம்னு வச்சிருக்கேன்.'

நீங்கள் சிரிக்கிறீர்கள். வாட்டிலும் சிரித்தார்கள். பாட்டியின் சாப்பாட்டுத் தட்டை இத்தனை நாளும் வாங்கிச் சாப்பிட்ட பக்கத்துக் கட்டில் அம்மா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாராம். பெரிய டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவருக்கு 'ஒண்ணா போட்டுக்கலாம்' என்பதன் விளைவு தெரியும். கூட்டிக் கூட்டி எழுதிய அந்த மாத்திரைகளை ஒரே வேளையில் விழுங்கியிருந்தால் பிறஷர் அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கும், பாட்டி எழும்பியிருக்க மாட்டார். ஸ்கேனை நிறுத்தி, அளவைப் பழையபடி குறைத்து, பாலும் பழமும் சாப்பிட்ட பிறகு போடலாம் என்று அந்தப் பெண் மூலமாகவே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாட்டி அழாத பிள்ளை. அழுதாலும் கேட்க ஆள் இல்லாத பிள்ளை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன். அடுத்த கிழமை என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது, கோப்பில் போடுவதற்காக. கடமை நேரத்தில் தனக்குரிய வாட்டை விட்டு அனுமதியின்றிச் சென்றது ஏன் என்று அந்தச் சிற்றூழியரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். கீழ் வாட்டில் இருந்து கூப்பிட்டார்கள் என்று அவர் பதில் எழுதியிருந்தார். எழுத்தில் அனுமதி இருந்ததா என்று மறு கடிதம். அந்த மாதம் அவருடைய மேலதிக நேரக் கொடுப்பனவிலும் கைவைத்தார்கள். அவர் அழவில்லை. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? அவருக்கு அதுவும் இல்லை. அந்தக் கோப்பில் இரண்டு கடிதங்கள்தான் மிச்சம்.

இப்போது பணிப்பாளர் ஐயாவின் தமிழுக்குக் கிடைத்த கைதட்டலுக்கு வருகிறேன். ஐயா, உங்கள் கிளைகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கிறார்கள். நான் வரும்போது இரண்டு பேரிடம் பேசிவிட்டுத்தான் வந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை 'கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லுங்க' என்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால், சிரிக்கிறார்களே தவிர எண்ணிக்கை சொல்லவில்லை. எங்கும் எழுதி வைக்காத வேலைக்கு எண்ணிக்கை எப்படி இருக்கும்?

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் வந்தது. 2007இல், புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையே போட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரியை இதெல்லாம் கட்டுப்படுத்தாது என்று என் சட்டத்தரணி நண்பர் சொல்வார். இருக்கட்டும். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன்: எந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காசு கட்டும் மேசையில் மட்டும் தமிழ் தெரிந்த பிள்ளை ஒருத்தி தவறாமல் இருப்பாள். மேல்மாடியில்தான் ஆள் கிடைக்காது.

சிங்கள ஊழியரைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு சிங்கள நோயாளி படுத்தால் அவருக்கும் இதே பாடுதான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், ஊர்ப் பிள்ளைகளுக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். கடல் தாண்டி வந்தவருக்கு முடிந்தது, வெள்ளவத்தையில் இருந்து பொரளை வரை போக வேண்டிய நமக்கு முடியாதா?

இன்னொன்று. கூப்பிட ஆள் இல்லாவிட்டால் என்ன செய்கிறார்கள்? பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கேட்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடச் சீருடையில் வந்த பையன் தன் தாயின் கர்ப்பப்பை நோயை டொக்டருக்கு மொழிபெயர்க்க வேண்டும். தாய் பாதியை மறைப்பாள், பையன் மீதியை விழுங்குவான். சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவத்தை ஒருவருக்கு விளக்குவது படுக்கைச் சட்டி கழுவுவதற்கு இடையில் செய்யும் வேலை இல்லை. அதற்குப் பயிற்சி வேண்டும். மருத்துவச் சொற்கள் தெரிய வேண்டும், கேட்ட இரகசியத்தை வெளியே சொல்லாத ஒழுக்கமும் வேண்டும்.

ஆகவே ஐயா, மேடையில் வைத்தே கேட்கிறேன். எந்த ஊழியருக்கு எந்த மொழி தெரியும் என்ற பட்டியல் ஒவ்வொரு மாடியிலும் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவரைக் கூப்பிட்டால், போன நேரம் கடமை நேரமாகப் பதியப்பட வேண்டும், மாதக் கொடுப்பனவு ஒன்று சேர வேண்டும், வருடம் ஒருமுறையாவது பயிற்சி கொடுக்க வேண்டும். சிங்களவர் தமிழும் தமிழர் சிங்களமும் படிக்க வகுப்புக் கட்டணத்தை நிர்வாகம் ஏற்கட்டும். அடுத்த வருட மலரின் பின்பக்கத்தில் விருதுத் தகுதிகளில் இதற்கு ஒரு வரி இருக்கட்டும். பெரிய செலவில்லை. இன்று எனக்குப் போர்த்திய பொன்னாடையையும், மாலையையும், மேடை அலங்காரப் பூவையும் கூட்டினாலே முதல் மாதம் ஓடிவிடும்.

மூன்றாவது விஷயம், தாதியர் வெளிநாடு போவது. துண்டு இரண்டாவது முறையும் வந்துவிட்டது. தலைவர் என் பழைய அயலவர் என்றாலும் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அதை இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

வெளிவாசலில், வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு கோரிக்கைத் தாள் இருக்கிறது. நான் இப்போது கேட்டவைதான், மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் ஒவ்வொருவரும் கையெழுத்து வையுங்கள். பேனையைத் திருப்பித் தாருங்கள். பணிப்பாளர் ஐயாவுக்காக முதல் வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம். அறிவிப்பாளர் தம்பி, ஒலிவாங்கியைப் பிடியுங்கள். விருது வாங்குபவர்களைப் பின்வரிசையில் இருந்தே கூப்பிடத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.