சி.எஸ். எழுதிய ராஜினாமாவும் எழுதாத ராஜினாமாவும்

அனைவருக்கும் வணக்கம்.

சி. சுப்பிரமணியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைப்பிதழில் ‘முன்னாள் மத்திய நிதியமைச்சர்’ என்று போட்டிருக்கிறது. சரிதான், 1974 அக்டோபர் முதல் 1977 மார்ச் வரை இந்திரா காந்தியின் அமைச்சரவையில் நிதி அவரிடம் இருந்தது. ஆனால் சி.எஸ். என்ன செய்தார் என்று வெளியே போய் யாரைக் கேட்டாலும் ‘பசுமைப் புரட்சி’ என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள், ‘இந்திப் பிரச்சினையில் பதவியைத் தூக்கி எறிந்தாரே’ என்பார்கள். நிதியமைச்சராக இருந்த பேச்சு வராது. அந்தக் காலத்தைத் தொட்டால் நெருக்கடி நிலையைத் தொட வேண்டும், அதனால் பாராட்டு விழாக்களில் மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் தாண்டப் போவதில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர, கொஞ்சம் முன்னாலிருந்தே வர வேண்டும்.

1910-இல் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், அப்புறம் சட்டம், 1942-இல் சிறை, பிறகு அரசியல் நிர்ணய சபை. அந்தத் தலைமுறைக் காங்கிரஸ்காரர்கள் பலருக்கும் இந்த வரிசை உண்டு. 1952-இல் ராஜாஜி அமைச்சரவையில் நிதி இலாகா கிடைத்தது. அப்போது வயது 42.

1954-இல் ராஜாஜி விலகினார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்து, மீதி நேரம் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்ற அவருடைய குலக்கல்வித் திட்டம் அவரைக் கவிழ்த்தது. அடுத்த முதல்வர் யார் என்று கட்சிக்குள் வாக்கெடுப்பு நடந்தது. காமராஜரை எதிர்த்து ராஜாஜி அணியின் ஆளாக நின்றவர் சி.எஸ். காமராஜருக்கு 93 வாக்கு, இவருக்கு 41. இன்றைய கட்சிகளில் இப்படித் தோற்றவர் என்ன ஆவார் என்று உங்களுக்கே தெரியும். காமராஜர் அவரைக் கூப்பிட்டு நிதியையும் கல்வியையும் கொடுத்தார். குலக்கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவிக்கும் வேலையும் முன்பு அதை ஆதரித்துப் பேசிய இந்த சுப்பிரமணியத்துக்கே வந்தது. சங்கடமான வேலைதான், ஆனால் செய்தார். பள்ளி மதிய உணவும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் நடந்த ஆண்டுகளில் பணப் பெட்டியும் கல்வித் துறையும் ஒரே ஆளிடம் இருந்தன. இதை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. காமராஜர் பெயரைச் சொல்லும்போது அன்றைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பெயரையாவது சேர்த்துச் சொல்கிறோம். கையெழுத்துப் போட்ட நிதியமைச்சரை மறந்துவிடுகிறோம்.

1962-இல் டெல்லி. முதலில் உருக்குத் துறை. 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானதும் உணவும் வேளாண்மையும் இவரிடம் வந்தன. அன்றைக்கு அந்த இலாகா அரசியல்வாதிகளின் இடுகாடு. யாரும் விரும்பிக் கேட்டு வாங்க மாட்டார்கள். நாடு அமெரிக்கக் கோதுமையை நம்பிச் சாப்பிட்டுக் கொண்டிருந்தது. பி.எல்.480 என்ற அவர்களுடைய சட்டத்தின்படி வரும் தானியம் அது. ஜனாதிபதி ஜான்சன் அதை மொத்தமாக விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார். அடுத்த கப்பல் வருமா வராதா என்று டெல்லி வாஷிங்டனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. போதாததற்கு 1965-இலும் 1966-இலும் மழை பொய்த்தது. 1964-65-இல் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், அடுத்த ஆண்டு 7 கோடியே 20 லட்சம் டன்னுக்கு விழுந்தது.

இந்த மனிதர் பேசிய பேச்சைவிட, செய்த வேலையின் வரிசையைப் பாருங்கள். முதலில் விலை. பயிர் செய்கிறவனுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காவிட்டால் எந்த விதையைக் கொடுத்தும் பயனில்லை என்று, 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையம் வந்தது. அதே மாதத்தில், சொன்ன விலைக்கு வாங்குவதற்காக இந்திய உணவுக் கழகம். அதன் முதல் அலுவலகம் திறந்தது நம் தஞ்சாவூரில். அடுத்தது விஞ்ஞானிகள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதுவரை ஐ.சி.எஸ். அதிகாரிகள்தான் தலைவர்கள். பயிரைப் பற்றிய முடிவைக் கோப்பு பார்க்கிறவர் எடுத்துக் கொண்டிருந்தார். சி.எஸ். அதை மாற்றி, கோதுமை ஆராய்ச்சியாளரான பி.பி. பால் என்பவரைத் தலைமை இயக்குநராக உட்கார வைத்தார். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் சொன்னதைக் கேட்கிற அமைச்சரும், அதைக் கோப்பில் ஏற்றி நடத்துகிற சிவராமன் என்ற செயலாளரும் ஒரே நேரத்தில் அமைந்தார்கள்.

மூன்றாவதாகத்தான் விதை. நம் பழைய கோதுமை உயரமானது. உரம் கூடுதலாகப் போட்டால் கதிர் கனத்துத் தரையில் சாய்ந்துவிடும். அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை ரகம் உரத்தைத் தின்றுவிட்டு நிமிர்ந்து நிற்கும். அதை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும், உரத்துக்கு அதைவிட அதிகமாக வேண்டும். அப்போதைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி இதை எதிர்த்தார். இடதுசாரிகள், அமெரிக்காவுக்கு அடிமையாகிறோம் என்றார்கள். பணக்கார விவசாயிகள்தான் பிழைப்பார்கள் என்றார்கள் வேறு சிலர். இந்தக் கடைசி ஆட்சேபத்தில் உண்மை இருந்தது. பஞ்சாபின் நிலத்தடி நீர் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மாற்று என்ன என்று சொன்னவர்கள் குறைவு. சாஸ்திரி பக்கபலமாக நின்றார், அவர் இறந்த பிறகு இந்திரா காந்தியும் நின்றார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்தது. தன் டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது அதே கோதுமையை விதைத்தார் அமைச்சர். விளம்பரம்தான், ஆனாலும் நல்ல விளம்பரம்.

இதே காலத்தில்தான், இந்தி ஆட்சிமொழியாக வேண்டிய நாளான 1965 ஜனவரி 26-ஐ ஒட்டி இங்கே இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு எல்லாம் நடந்தது. பிப்ரவரி 11-ஆம் தேதி சி.எஸ்.ஸும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்கள். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அவற்றை ஏற்க விரும்பவில்லை. அன்றே சாஸ்திரி வானொலியில் பேசினார். நேருவின் உறுதிமொழி காக்கப்படும், இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்றார். அமைச்சர்கள் இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள். இதை நாடகம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்தக் கட்சியின் அரசுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு, எந்த நேரத்தில் எதை வைத்து அழுத்த வேண்டும் என்று தெரிந்து அழுத்தியிருக்கிறார்.

ஆனால் வாக்காளர்கள் அந்த நுணுக்கத்தைப் பார்க்கவில்லை. 1967 தேர்தலில் இங்கே மொழிக் கோபமும் இருந்தது, அரிசித் தட்டுப்பாடும் இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னது. மத்திய உணவு அமைச்சர் கோபிச்செட்டிபாளையத்தில் தோற்றார். மறு வருடம் வடக்கே கோதுமை 1 கோடியே 65 லட்சம் டன் விளைந்தது. அதற்கு முன் நாடு கண்ட அதிக அளவே சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்தான். வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களில் மூட்டையை அடுக்கினார்கள். 1968 ஜூலையில் ‘கோதுமைப் புரட்சி’ என்று அஞ்சல்தலை வந்தபோது சி.எஸ். எம்.பி.கூட இல்லை.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. விமானத் தொழில் பற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1969-இல் காங்கிரஸ் உடைந்தபோது காமராஜர் ஒரு பக்கம், இவர் இந்திராவின் பக்கம். அந்தப் பிரிவுக்கு இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். 1971-இல் திட்ட அமைச்சர், பிறகு தொழில் வளர்ச்சி. அப்படியே 1974-இல் நிதிக்கு வந்து சேர்ந்தார்.

வந்த நேரம் மோசமான நேரம். எண்ணெய் விலை உயர்ந்திருந்தது, வறட்சி இருந்தது. 1974-75-இல் மொத்த விலை சராசரியாக 25 சதவீதம் ஏறியது. அடுத்த ஆண்டு விலை சற்றுக் குறைந்தே போனது. நெருக்கடி நிலையால் விலை இறங்கியது என்று இன்றும் சிலர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. 1974 ஜூலையிலேயே, அவருக்கு முன் இருந்த ஒய்.பி. சவாண் காலத்தில், சம்பள உயர்வையும் அகவிலைப்படி உயர்வில் பாதியையும் கட்டாய வைப்பாகப் பிடிக்கும் கடுமையான சட்டங்கள் வந்துவிட்டன. 1974 செப்டம்பருக்குப் பிறகு விலையேற்றம் தணியத் தொடங்கிவிட்டது. 1975-இல் மழையும் நன்றாகப் பெய்தது. யாரையும் சிறையில் போட்டதால் வெங்காய விலை குறையவில்லை.

அவர் கையால் வந்தவற்றில் எனக்குப் பிடித்தது கிராம வங்கிகள். 1975 அக்டோபர் 2 அன்று முதல் ஐந்து தொடங்கின. இன்று நம் ஊர்களில் ‘தமிழ்நாடு கிராம வங்கி’ என்று பலகை பார்க்கிறீர்களே, அந்த வம்சம்தான். 1976 பட்ஜெட்டில் வருமான வரியின் உச்ச விகிதத்தை 77 சதவீதத்திலிருந்து 66-ஆகக் குறைத்தார். கறுப்புப் பணத்தைத் தானாக ஒப்புக்கொள்ளும் திட்டமும் வந்தது. தொழிலாளிக்கு மட்டும் கை இறுகியது. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டப்பட்டது. வேலைநிறுத்தம் செய்ய முடியாத காலத்தில் செய்த வெட்டு அது. அதை நியாயப்படுத்த என்னால் முடியாது.

1975 டிசம்பரில் வருவாயும் வங்கியும் நிதியமைச்சகத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தனிப் பொறுப்புடன் பிரணாப் முகர்ஜியிடம் போயின. வரிச் சோதனையும் வங்கிகளும் கையில் இல்லாத நிதியமைச்சர் எப்படிப்பட்ட நிதியமைச்சர்? பட்ஜெட் வாசிக்கலாம், அவ்வளவுதான். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் ஆட்கள் உள்ளே போனார்கள். இவர் பதவியில் இருந்தார்.

1965-இல் மொழிக்காக ராஜினாமா எழுதிய கை, நெருக்கடி நிலை வந்த 1975-இல் ஏன் எழுதவில்லை? வயது 65 ஆகியிருந்தது. உள்ளே இருந்தால் கொஞ்சம் கெடுதலைத் தடுக்கலாம் என்ற எண்ணம் நல்லவர்களுக்கும் வரும். சாஸ்திரியிடம் ராஜினாமா கொடுத்தால் அவர் வானொலியில் இறங்கி வருவார். இந்திராவிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இவையெல்லாம் காரணங்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றைச் சொல்லி அவரை விடுவிக்க எனக்கு மனமில்லை. தோற்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று 1954-இலும் 1967-இலும் இரண்டு முறை அனுபவித்துப் பார்த்தவர் அவர்.

பிற்பாடு விலகத்தான் செய்தார். நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் முன் போய்ச் சாட்சி சொன்னார். இந்திராவை எதிர்த்த காங்கிரஸ் பிரிவுக்குப் போய், 1979-இல் சரண் சிங் அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். 1990-இல் மகாராஷ்டிர ஆளுநர். பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைக் குறை கூறித் தனியாகப் பேசியது பத்திரிகையில் வந்துவிட, 1993 ஜனவரியில் பதவியை விட்டார். 1998-இல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7 அன்று சென்னையில் காலமானார்.

கேள்விகள் இருக்கும். 1976-இல் வீட்டில் யாராவது மிசாவில் போயிருந்தால், அந்தக் குடும்பத்தார் இங்கே இருந்தால், முதலில் அவர்கள் கேட்கட்டும்.